அதிரும் ஜாக்கெட் வாங்கும் முன் ஒரு கணக்கு

கேள்வி: சென்னை–திருச்சி நான்குவழிச் சாலையில், உளுந்தூர்பேட்டை பக்கம், இரவில் ஒரு லேனை அடைத்துவிட்டு தார் ஒட்டு வேலை செய்கிறோம். நான் துணை ஒப்பந்ததாரர், 14 ஆட்கள். அடைப்புக்குள் வண்டி புகுந்தால் உடம்பில் அதிர்ந்து எச்சரிக்கும் ஜாக்கெட் என்று ஒரு கம்பெனிக்காரர்கள் காட்டிவிட்டுப் போனார்கள். விலை அதிகம். வாங்கினால் என் ஆட்களுக்கு உண்மையிலேயே பாதுகாப்பா?

பதில்: வாங்கலாம். ஆனால் ஜாக்கெட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அதற்குச் சேதி அனுப்பும் சென்சார் எவ்வளவு தூரத்தில் இருக்கப்போகிறது என்று முதலில் கேளுங்கள்.

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் ஓடிவிடும். குனிந்து தார் சமன் செய்துகொண்டிருப்பவருக்கு அதிர்வு உறைத்து, நிமிர்ந்து, எந்தப் பக்கம் போவது என்று பிடிபட ஒன்றரை நொடியாவது ஆகும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நாலைந்து அடி வைத்து ஒதுங்க இன்னும் மூன்று நொடி. ஆக நாலரை நொடி. அதாவது சென்சார் குறைந்தது 100 மீட்டர் முன்னால் இருக்க வேண்டும். வண்டி 100 கி.மீ. வேகத்தில் வந்தால் 125 மீட்டர். கம்பெனிக்காரர் 30 மீட்டரில் வைத்துக் காட்டினால், உங்கள் ஆளுக்குக் கிடைப்பது ஒன்றரை நொடிகூட இல்லை. அதில் திரும்பிப் பார்க்கத்தான் முடியும்.

இன்று கிடைக்கும் சாதனங்களில் எளிமையானது காற்றுக் குழாய் வகை. கோன்கள் லேனை மூடத் தொடங்கும் இடத்தைத் தாண்டி, அடைத்த லேனின் குறுக்கே ரப்பர் குழாயைப் போடுவார்கள். சக்கரம் ஏறினதும் ரேடியோ வழியாக ஆட்கள் மாட்டியிருக்கும் கருவி அதிரும். இன்னொன்று கோனில் மாட்டுவது. அமெரிக்காவில் விற்கும் சோனோபிளாஸ்டர் இந்த வகைதான்; கோன் சாய்ந்தால் வாயு உருளை திறந்து 125 டெசிபலில் அலறும். ரேடார் வைத்து, வரும் வண்டியின் வேகத்தையும் திசையையும் கணித்து எச்சரிக்கும் வகையும் உண்டு. விர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் வாகனத்தோடு ரேடியோவில் பேசிக்கொள்ளும் ஜாக்கெட்டை உருவாக்கினார்கள். நல்ல யோசனைதான், ஆனால் வண்டியிலும் அந்த ரேடியோ இருக்க வேண்டும். நம் சாலையில் ஓடும் லாரிக்கும் பைக்குக்கும் அது இப்போதைக்குப் பொருந்தாது.

குழாய் வகைக்கு ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது, அதை விற்பவர்கள் சொல்லமாட்டார்கள். தூக்கக் கலக்கத்தில் ஓட்டுபவர் அடைப்பின் வாயில் வழியாகத்தான் நுழைவார் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆட்கள் நிற்கும் இடத்துக்குப் பத்து மீட்டர் முன்னால், பக்கத்து லேனிலிருந்து கோன்களைத் தட்டிவிட்டு உள்ளே வந்தால் குழாய்க்கே தெரியாது. கோன் சென்சார் இருந்தாலும் அரை நொடிகூடக் கிடைக்காது. அந்த விபத்தை எந்த ஜாக்கெட்டும் தடுக்காது. வேலை நடக்கும் நீளம் முழுக்கப் பக்கவாட்டில் தடுப்பு வைத்தால்தான் தடுக்கலாம்.

வாயில் வழியாக வரும் வண்டிக்கும், ஜாக்கெட்டை மட்டும் நம்பாமல், வண்டி வரும் பக்கம் ஆட்களுக்கு முன்னால் ஒரு மறிப்பு லாரி நிறுத்துங்கள். பின்பக்கம் மோதல் தாங்கும் மெத்தை பொருத்திய லாரி கிடைத்தால் வாடகைக்காவது எடுங்கள்; வெறும் லாரியில் மோதினால் காரில் இருப்பவர் பிழைப்பது கஷ்டம். டிரைவர் உள்ளே உட்காரக் கூடாது. இடித்ததும் லாரி முன்னால் தள்ளப்படும் என்பதால், ஆட்கள் அதிலிருந்து 30 மீட்டருக்குக் குறையாமல் தள்ளி இருக்கட்டும்.

ஜாக்கெட் விஷயத்துக்கு வருவோம். அதிர்வு எந்த இடத்தில் என்று பாருங்கள். சாலையை உடைக்கும் பிரேக்கர் இயந்திரத்தைப் பிடித்திருப்பவருக்கு மணிக்கட்டில் கட்டும் பட்டையால் பயனில்லை. கை முழுக்க ஏற்கெனவே அதிர்ந்துகொண்டிருக்கும். மேல்முதுகோ தோளோதான் சரி. பீகார், ஒடிசா ஆட்கள் கலந்து வேலை செய்யும் சைட்டில், குரலில் சொல்லும் எச்சரிக்கையைவிட அதிர்வு எவ்வளவோ மேல்.

அப்புறம் பொய் எச்சரிக்கை. தார் ஏற்றி வரும் உங்கள் டிப்பரே அந்தக் குழாய் மேல் ஏறித்தான் உள்ளே வரும். கனரக லாரி கடந்த காற்றிலேயே கோன் சாயும். ஒரு ராத்திரியில் நாலு தடவை சும்மா அதிர்ந்தால் ஐந்தாவது தடவை யாரும் தலை நிமிரமாட்டார்கள். சிலர் கருவியை அணைத்தே விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. டிப்பர் வரும்போது குழாயை நிறுத்திவைத்து, உள்ளே வந்ததும் மறுபடி இயக்க, வாயிலில் ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். அந்தச் சம்பளத்தையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டிப்பர் என்றதும் ஒன்று. வெளியிலிருந்து வரும் வண்டி அளவுக்கு, உள்ளேயே பின்வாங்கும் டிப்பரும் ரோலரும் ஆளை இடிக்கின்றன. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 2001லேயே இரண்டு ஆபத்தையும் சேர்த்தே பார்க்கச் சொல்லியிருக்கிறது. ஆள் அணியும் டேக் என்ற சின்னக் கருவி வண்டிக்கு அருகில் இருந்தால் டிரைவர் கேபினில் மணி அடிக்கும் வசதி அந்த ஜாக்கெட்டில் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாம்.

வாங்கும் முன் சோதனை இப்படிச் செய்யுங்கள். உங்கள் யார்டில் பிரேக்கரை ஓடவிட்டு, ஆட்கள் காதடைப்பு போட்டு, முதுகு காட்டி வேலை செய்யட்டும். சொல்லாமல் கொள்ளாமல் பைக்கால் குழாயை மிதியுங்கள். கடைசி ஆள் தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்ச் சேரும் வரை ஸ்டாப்வாட்ச் ஓடட்டும். எத்தனை நொடியோ அதை 28ஆல் பெருக்குங்கள்; 100 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஓடும் மீட்டர் அது. வரும் மீட்டரில் சென்சாரை வைத்து, அங்கிருந்து கடைசி ஜாக்கெட் வரை சிக்னல் எட்டுகிறதா என்று, நடுவில் தார் பரப்பும் பேவர் இயந்திரமும் டிப்பரும் நிற்கும்போது பாருங்கள். எட்டாவிட்டால் வாங்காதீர்கள். எட்டினால் 14 பேருக்கு 16 வாங்குங்கள். சார்ஜ் இறங்கினதும் மாற்ற இரண்டு கையில் இருக்கட்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்பதை ஒவ்வொரு ராத்திரியும் வேலை தொடங்கும் முன் அந்த இடத்தில் நின்று கைகாட்டிச் சொல்லுங்கள். அடைத்த லேன் மாறினால் ஓடும் பக்கமும் மாறும்.