முதலில் மேட், அப்புறம்தான் ஸ்லீப்பிங் பேக்

கேள்வி: நானும் தோழியும் செப்டம்பரில் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் கைடு, குதிரை எதுவும் இல்லாமல் நாங்களே மூட்டை தூக்கி நடக்கப் போகிறோம். 'மைனஸ் 10 டிகிரி' என்று போட்ட ஸ்லீப்பிங் பேக் ஆன்லைனில் 3,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? அடியில் விரிக்க வீட்டில் இருக்கும் யோகா மேட் போதாதா?
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அவசரப்பட்டு வாங்காதீர்கள். அந்த மைனஸ் 10 எந்தக் கணக்கு என்று முதலில் பாருங்கள். ஐஎஸ்ஓ 23537 தரப்படி சோதித்த பேக்கில் கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம் என்று எண்கள் தனித்தனியாக இருக்கும். கம்ஃபர்ட் என்பது சராசரிப் பெண் நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர், லிமிட் என்பது சராசரி ஆண் உடம்பைச் சுருட்டிக்கொண்டு சமாளிக்கிற குளிர், எக்ஸ்ட்ரீம் என்பது உயிர் தப்பினால் போதும் என்கிற நிலை. விலை குறைந்த பேக்குகளில் எந்தக் கணக்கென்றே சொல்லாமல் ஒரே ஒரு எண்ணைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள், அதை நம்பி மலை ஏறக்கூடாது. நீங்கள் இரண்டு பேரும் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட் எண் மட்டும்தான். கடைசியாகத் தங்கும் நிமாலிங் 4,700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, செப்டம்பர் ராத்திரியில் அங்கே தண்ணீர் உறைவது சகஜம். அதனால் கம்ஃபர்ட் மைனஸ் 5 அளவில் இருக்கட்டும். மார்கழி விடியலுக்கே ஸ்வெட்டர் தேடும் ஊர்க்காரர்கள் நாம், கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

இப்போது அந்த யோகா மேட். நான் ரொம்பக் கவலைப்படுவது இதற்குத்தான். நீங்கள் படுத்ததும் முதுகுக்கு அடியில் இருக்கிற பஞ்சோ இறகோ நசுங்கிவிடும், நசுங்கினால் அதில் காற்று நிற்காது, காற்று நிற்காவிட்டால் கதகதப்பும் இல்லை, எவ்வளவு விலை கொடுத்த பேக்காக இருந்தாலும் தரை உங்கள் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். பேக்கின் எண்ணைச் சோதிக்கும்போதே அடியில் நல்ல மேட் போட்டுத்தான் சோதிக்கிறார்கள், அதாவது மேட் சரியில்லை என்றால் அந்த எண்ணுக்கே அர்த்தம் இல்லை. மேட் வாங்கும்போது ஆர் வேல்யூ என்ன என்று கேளுங்கள், உங்கள் சூடு தரைக்குப் போகாமல் மேட் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் எண் அது, உங்கள் பயணத்துக்கு 4க்குக் குறையக்கூடாது. உள்ளே ஒன்றுமே இல்லாமல் வெறும் காற்று அடைக்கிற மெத்தை வேண்டாம், அதற்குள் காற்று சுழன்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். இரண்டு மேட்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டால் ஆர் வேல்யூ கூடும் என்பதால், 2 உள்ள மடிப்பு ஃபோம் மேட்டின்மேல் 3 உள்ள காற்று மேட்டைப் போட்டுக்கொள்வது நல்ல ஏற்பாடு. நடுராத்திரி காற்று மேட் ஓட்டையானாலும் ஃபோம் இருக்கும்.

லடாக் மழை குறைந்த பூமி, எடையும் உங்கள் தோளில்தான், அதனால் வாத்து இறகு வைத்த டவுன் பேக் எடுங்கள். நனைந்தால் மட்டும் அது உதவாது, கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு மூட்டைக்குள் வையுங்கள். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் லே கடைகளில் வாடகைக்கு எடுக்கலாம். உயரம் பழகுவதற்கு எப்படியும் அங்கே இரண்டு மூன்று நாள் இருக்க வேண்டும், நிதானமாகப் பார்த்து எடுக்கலாம். கடையிலேயே உள்ளே படுத்து ஜிப்பை முழுக்க இழுத்து மூடிப் பாருங்கள். கால் நீட்டினால் பாதம் துணியை முட்டக்கூடாது, முட்டுகிற இடத்தில் இறகு நசுங்கி விரல் விறைத்துப்போகும். ஜிப்புக்கு உள்பக்கமாக இறகு நிரப்பிய உருளை ஒன்று நீளத்துக்கும் ஓட வேண்டும், கையால் தடவினாலே தெரியும். அது இல்லை என்றால் வேறு பேக் கேளுங்கள்.

இன்னொன்று. காசிமேட்டில் மீன் வைக்கிற தெர்மாகோல் பெட்டி குளிரை உண்டாக்குவதில்லை, ஐஸின் குளிரை வெளியே விடாமல் வைக்கிறது. பேக்கும் உங்கள் சூட்டை அப்படித்தான் பிடித்துவைக்கும். பட்டினியோடு படுத்தால் பிடித்துவைக்க ஒன்றும் இருக்காது. பசிக்காவிட்டாலும் சாப்பிட்டு, உலர்ந்த சாக்ஸ் மாற்றி, மூடி இறுக்கமான பாட்டிலில் வெந்நீர் ஊற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். மூக்கையும் வாயையும் மட்டும் வெளியே விடுங்கள், மூச்சின் ஈரம் உள்ளே போனால் இறகு நமுத்துவிடும்.

கேள்வி: உயரத்தில் தூக்கமே வராது என்கிறார்கள். தூக்க மாத்திரை எடுத்துப் போகலாமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: நீங்களாக எடுக்காதீர்கள், சில மாத்திரைகள் மூச்சை மட்டுப்படுத்தும். மூச்சு நின்று நின்று வந்து திடுக்கென்று விழிப்பது உயரத்தில் பலருக்கும் நடக்கிறதுதான். ஆனால் தலைவலியோடு வாந்தி வந்தால் அதற்குமேல் ஏறவே கூடாது, கூடிக்கொண்டே போனால் ராத்திரி என்றாலும் இறங்கிவிட வேண்டும். 3,000 மீட்டருக்கு மேலே, படுக்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மிகாமல் உயர்த்துங்கள்.

கேள்வி: டவுன் பேக் வாங்கிவிட்டேன். கடலோரம் வீடு, எப்படிப் பத்திரப்படுத்துவது?
- வாசகர், திருவொற்றியூர்

பதில்: கூடவே வந்த சின்னப் பையில் அமுக்கி வைக்காதீர்கள், அது பயணத்துக்கு மட்டும். பழைய பருத்திப் போர்வை உறையில் தளர்வாகப் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். நம் பக்கத்து ஈரத்துக்கு அவ்வப்போது வெளியே எடுத்து ஃபேன் காற்றில் விரித்துவிடுங்கள். துவைக்க வேண்டி வந்தால் ஐப்பசி, கார்த்திகையில் வேண்டவே வேண்டாம். மென்மையான சோப்பில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயப்போட்டு, கட்டி கட்டியாகச் சேரும் இறகை விரலால் உதிர்த்துவிட்டுக்கொண்டே இருங்கள். முழுசாகக் காய நாலைந்து நாள்கூட ஆகலாம்.