ஏற்காட்டில் வேகாத பருப்பு

கேள்வி: கல்யாணமாகி சேலத்திலிருந்து ஏற்காடு வந்தேன். துவரம்பருப்பு இங்கே திறந்த பாத்திரத்தில் லேசில் வேகமாட்டேன் என்கிறது. ‘மலைத் தண்ணீரின் குணம்’ என்கிறார் அத்தை. சரியா?

பதில்: தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து கூடினால் பருப்பு வேகத் தாமதமாகும். அத்தை சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஆனால் முக்கியக் காரணம் காற்று. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலத்தில் கிட்டத்தட்ட 99. அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் தண்ணீர் வற்றுமே தவிர, சூடு ஏறாது. அந்த நாலு டிகிரிக்குத்தான் இவ்வளவு காத்திருப்பு! அங்கேயே வாழ்ந்த என் பெரியம்மா பருப்பை ஊறவைத்துத்தான் அடுப்பில் ஏற்றுவார். நீங்கள் குக்கரில் வையுங்கள். ஆவியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் உள்ளே 110 டிகிரிக்கு மேல் போகும். அப்புறம், சேலத்துக் கணக்கைவிட ஒரு விசில் கூடுதலாக விடுங்கள்.