பனி நாட்டு வீதிகளில் கொட்டும் உப்பு நிலத்தடி நீரைக் கெடுக்காதா?

கனடாவிலுள்ள உறவினர், அங்கே பனிக்கட்டியை உருக்க வீதிக்கு உப்புப் போடுவதைச் சொன்னதும், கோடையில் வாவியோரக் கிணறுகள் உவராவதைக் கண்ட மட்டக்களப்பார் எவருக்கும் எழக்கூடிய கேள்விதான் இது. கெடுக்கும், உப்பிலுள்ள குளோரைட்டு சிதைவடைவதில்லை, உருகிய நீரோடு ஓடைகளையும் கிணறுகளையும் சேர்கிறது. ஆகவே பொறுப்புள்ள நகரசபைகள் அளவைக் குறைக்கவே பார்க்கின்றன: பனி விழுமுன்பே ஏறத்தாழ 23 சதவீத உப்புக்கரைசலைக் கோடுகோடாகத் தெளித்துவிட்டால், பனிக்கட்டி தாரோடு இறுகப் பிடிக்காது, பிறகு தகடு பூட்டிய பாரவண்டி அதை இலகுவாக வழித்துத் தள்ளிவிடும். உலர் உப்பு துள்ளி வடிகானுக்குள் போய்விடும் என்பதால் அதையும் நனைத்தே தூவுகிறார்கள். சுமார் −10 பாகை செல்சியஸுக்குக் கீழே சாதாரண உப்பு அநேகமாக வீண். அப்போது கல்சியம் குளோரைட்டு உதவும், மணலோ உருக்காது, சறுக்கலை மட்டுமே குறைக்கும். உப்புக் குவியலைக் கூரையின்றி மழையில் விடுவதுதான், என் பார்வையில், மன்னிக்க முடியாத அலட்சியம். வீதி உப்புக்கெனக் கனடா 2004இல் வெளியிட்ட நடைமுறைக் கோவையும் களஞ்சியப்படுத்தலைக் குறிப்பாக வலியுறுத்துகிறது.