குதிரை ஏர் பழக ஆசைப்படும் தம்பிக்கு

அண்ணா, வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வேலை கோவையில், ஐடி கம்பெனியில். ஊரில் அப்பாரு விட்டுப்போன ரெண்டரை ஏக்கர் இருக்கிறது. முக்கால்வாசி தென்னை, மீதி சும்மா கிடக்கிறது. அமெரிக்காவில் நவீன இயந்திரங்களைப் பெரும்பாலும் ஒதுக்கி வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவ மக்கள் குதிரை பூட்டி உழுவதையும் விதைப்பதையும் கொஞ்ச காலமாக வீடியோவில் பார்த்து வருகிறேன். டிராக்டரே இல்லாமல் இவ்வளவு செய்ய முடியுமா என்று பிரமிப்பாக இருக்கிறது. அந்தியூர்ச் சந்தையில் குதிரை வாங்கி நானும் பழக்கலாமா? நம் ஆட்கள் ஏன் குதிரையை ஏரில் பூட்டவே இல்லை? இந்த வேலையை எங்கே கற்றுக்கொள்வது? வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள்.

க., கோவை

அன்புள்ள தம்பி,

வீட்டில் சிரிக்கட்டும், தப்பில்லை. மாடல்லாததை ஏரில் பூட்டுவது இங்கே அன்றைக்கே கேலிதான். சங்க காலத்தில் தோற்ற மன்னனின் ஊரை இடித்துவிட்டு, அங்கே கழுதையை ஏரில் பூட்டி உழுது வரகும் கொள்ளும் விதைத்திருக்கிறார்கள். எதிரியை அவமானப்படுத்த அதைவிடப் பெரிய வழி இல்லை. குதிரையின் கதை நேர் எதிர். அது கப்பலில் வந்த விலையுயர்ந்த சரக்கு, அரசனின் சொத்து. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் குதிரைகள் வந்திறங்குவதையும், வளர்க்கத் தெரியாமல் அவை செத்துப்போவதையும் எழுதியிருக்கிறார். வேகவைத்த சோறும் கறியும் போட்டார்களாம். அப்புறம் எப்படிப் பிழைக்கும்?

ஆனால் உழவுக்குப் பூட்டாததற்கு உண்மையான காரணம் உடம்புதான். நம் காளைக்குத் திமில் இருக்கிறது. அதற்கு முன்னால் நுகத்தடியை வைத்துப் பூட்டாங்கயிற்றைக் கட்டினால் வேலை முடிந்தது. ஒரு கட்டையும் ரெண்டு கயிறும் போதும். குதிரைக்குத் திமில் இல்லை. கழுத்தில் கயிறு போட்டு இழுக்கவிட்டால் மூச்சுக்குழாய் அமுங்கும். சுமை தோள்பட்டையில் விழ வேண்டும், அதற்கு உள்ளே திணிப்பு வைத்த தோல் வளையம் வேண்டும். ஐரோப்பாவிலும் நெடுங்காலம் எருதுதான் உழுதது. 9-ஆம் நூற்றாண்டுக்கு மேல் அந்த வளையம் மெல்லப் பரவிய பிறகுதான் குதிரை வயலில் இறங்கியது. பழனியில் ஜட்கா வண்டிக் குதிரைக்கு நெஞ்சுப்பட்டை போட்டிருப்பார்களே, அது போதாதா என்று கேட்பீர்கள். உருளும் வண்டிக்குப் போதும். கலப்பையின் இழுப்பு தரைமட்டத்திலிருந்து வருவதால் பட்டை கீழே இறங்கி, தோள் அசைவதையே தடுத்துவிடும். குதிரையின் அளவுக்கு வளையம் தைக்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் தோள் புண்ணாகும். நம் பக்கத்தில் அதைத் தைத்துத் தர யார் இருக்கிறார்கள்?

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தைக்கு வருகிற கத்தியவார், மார்வார் குதிரைகள் சவாரிக்கும் பெருமைக்கும் வளர்ப்பவை. ஆமிஷ் வயலில் நீங்கள் பார்ப்பது பெல்ஜியன், பெர்ஷெரான் ஜாதிகள். ஒரு பெல்ஜியன் குதிரை 900 கிலோவைத் தொடும், நம் சந்தைக் குதிரை அதில் பாதிகூட வராது. தீனியும் வேறு. காளை சோளத்தட்டைத் தின்று அசைபோட்டுக்கொண்டு கிடக்கும். குதிரைக்கு ஒற்றை வயிறு. அங்கே அதற்கென்றே ஓட்ஸ் விளைவித்தார்கள். இங்கே கொள்ளும் நல்ல புல்லும் வேலை இல்லாத நாளிலும் தவறாமல் போட வேண்டும். ஆகவே குதிரை வாங்காதீர்கள்.

வீடியோவில் தெரியாத ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு மனிதனும் நாலு குதிரையும் மட்டும் உழவில்லை. பக்கத்திலேயே சேணம் தைப்பவர், லாடம் அடிப்பவர், குதிரையால் இழுக்கப்படும் கருவிகளைப் புதிதாகச் செய்து விற்கும் பட்டறை எல்லாம் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் லங்காஸ்டர் பக்கம் கோவேறு கழுதைகளையும் நிறையப் பூட்டுகிறார்கள், அதையும் அங்கேயே வாங்க முடிகிறது. குதிரைக்குக் கால் வலித்தால் அடுத்த வீட்டுக் குதிரை வரும். நமக்கும் அப்படி ஒரு சூழல் இருந்தது. கலப்பையை நுகத்தோடு சேர்க்கும் நீளக் கட்டையான ஏர்க்காலுக்கு வேலாமரம் பார்த்து வெட்டும் ஆசாரி, மண்ணைக் கிழிக்கும் இரும்பு முனையான கொழுவைக் காய்ச்சி அடித்துத் தரும் கொல்லர், மாடு பழக்கித் தருபவர் எல்லாரும் இருந்தார்கள். அதில் மிச்சம் இருப்பது எதுவோ அதைக் கற்பதுதான் புத்திசாலித்தனம். மிச்சம் இருப்பது காளை ஏர். வேலந்தாவளம், எருத்தேம்பதி பக்கம் விசாரியுங்கள். உழுத கை உள்ள பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள், வயதுதான் ஆகிவிட்டது. பொள்ளாச்சிச் சந்தைக்குச் செவ்வாய், வியாழன்களில் போய் நின்று பாருங்கள். மாட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்பவரிடம் பேச்சுக் கொடுங்கள். வாங்க வேண்டாம், பேச மட்டும். ரேக்ளா மாடு வைத்திருக்கும் பையன்களிடம் உழவு கேட்காதீர்கள், அது வேறு உலகம்.

பெரியவர் கிடைத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கூலி பேசுங்கள். குரு என்று சொல்லிச் சும்மா வேலை வாங்க வேண்டாம். அப்புறம், கலப்பையின் கைப்பிடியான மேழியைக் கையில் தரச்சொல்லி அவசரப்படாதீர்கள். தண்ணி காட்டுவது, சோளத்தட்டு போடுவது, கட்டுத்தறியில் அவிழ்த்துக் கட்டுவது என்று மாடு உங்களுக்குப் பழக வேண்டும். வலத்து மாட்டை இடத்தில் பூட்டினால் அது ஏன் முரண்டு பிடிக்கிறது என்று அப்போதுதான் புரியும். புதுக் கன்றைப் பழக்குவதும் அப்படித்தான். உழுது தேர்ந்த மாட்டோடு ஜோடி சேர்த்து, கலப்பை இல்லாமல் வெறும் கட்டையை இழுக்கவிடுவார்கள். அந்தக் கன்று இருக்கும் நிலையில்தான் நீங்களும் இருக்கிறீர்கள்.

ஏர் பிடிக்கும்போது ஆழத்தைக் கைபலத்தால் கொண்டுவரப் பார்க்காதீர்கள். மரக்கலப்பையில், நுகத்தோடு பிணைக்கும் வடக்கயிறு ஏர்க்காலில் எங்கே கட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தே ஆழம் கூடும், குறையும். மண்ணைப் புரட்டும் இரும்புக் கலப்பையில் இன்னும் வேடிக்கை. கைப்பிடியைத் தூக்கினால் கொழு உள்ளே இறங்கும், அமுக்கினால் வெளியே வரும். நம் கை நினைப்பதற்கு நேர்மாறு. ஆமிஷ் பையன்கள் கற்பதும் இதைத்தான். நடையையும் தெரிந்துகொள்ளுங்கள்: கலப்பை கிழிக்கும் கோடான சால் ஒரு அடி அகலம் என்றால் ஒரு ஏக்கருக்கு 13 கிலோமீட்டர். நம் மரக்கலப்பையின் அரையடிச் சாலுக்கு 26. ஐடி கம்பெனி நாற்காலியில் உட்கார்ந்த காலுக்கு இது சொல்லிவைக்க வேண்டிய கணக்கு.

உங்கள் மண் அநேகமாகக் கரிசலாக இருக்கும். உங்கள் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில் மட்டுமே கேரளத்துக்குக் கரிசல் வாய்த்திருக்கிறது. காய்ந்தால் பாறை, நனைந்தால் கொழுவில் அப்பிக்கொள்ளும் பசை. நடுவில் வரும் பதம் ரொம்பக் குறுகியது. கையில் பிடித்தால் உருண்டையாகி, கீழே போட்டால் உதிர வேண்டும். அந்தப் பதத்தைக் கண்டுபிடிக்கப் பெரியவர் கூடவே இருந்துதான் ஆக வேண்டும், எழுத்தில் சொல்லித்தர என்னால் முடியாது. தென்னைக்குள் பழகாதீர்கள். ஜோடி மாடும் ஏர்க்காலும் திரும்ப இடம் போதாது, வேரும் அறும். சும்மா கிடக்கிற துண்டில் இறங்குங்கள்.

விதைப்பதையும் கேட்டிருக்கிறீர்கள். குதிரை இழுக்கும் விதைப்புக் கருவியை இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் 1701 வாக்கில் செய்தார் என்று பள்ளிப் பாடத்தில் வரும். 1790களில் ஹால்காட் என்ற ஆங்கிலேய அதிகாரி ஆந்திரப் பகுதியில் மாடு பூட்டிய கொர்ரு என்ற விதைப்புக் கருவியைப் பார்த்து அசந்துபோனார். அதுவரை அதை ஐரோப்பியர்களின் புதுக் கண்டுபிடிப்பு என்றே அவர் நம்பியிருந்தார். உங்களுக்கு அந்தக் கருவிகூட வேண்டாம், கடலைக்காய் போடுங்கள். ஏருக்குப் பின்னால் நடந்து அரைச் சாணுக்கு ஒரு பருப்பாகச் சாலில் விட்டுக்கொண்டே போனால், அடுத்த சால் மண் தள்ளி மூடும். நம் பெண்கள் இதைப் பேசிக்கொண்டே செய்வார்கள். பார்க்கச் சுலபம், மாட்டின் நடைக்குக் கை ஒத்துவர நாளாகும். நீங்கள் முதலில் பிடிக்க வேண்டியது மேழியை அல்ல, இந்த விதைக்கூடையை. உழுபவர் எங்கே நிற்கிறார், எங்கே திருப்புகிறார் என்பதெல்லாம் பின்னால் நடப்பவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பருப்பை மெஷினில் உடைத்து வாங்க வேண்டாம். மேல்தோல் கிழிந்தது நிறைய முளைக்காது. காயாக வாங்கி, விதைப்புக்குச் சில நாள் முன்பு வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து கையால் உடையுங்கள்.