அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தின் பெயருக்கு என்ன அர்த்தம்? அது எப்படி வந்தது?

இந்தப் பெயரைப் பின்னாலிருந்து படிக்க வேண்டும். கடைசியில் வரும் ‘சிலின்’ பென்சிலினின் வால், முன்னால் இருப்பதெல்லாம் வேதியியல் ஒட்டு. பென்சிலினில் அமினோ என்ற சிறு அணுக்கூட்டத்தைச் சேர்த்து 1961-ல் ஆம்பிசிலின் வந்தது, அதில் ஹைட்ராக்ஸி என்ற இன்னொன்றையும் ஒட்டியதுதான் அமாக்ஸிசிலின். கதை வாலில்தான் இருக்கிறது.

லத்தீனில் பெனிசில்லஸ் என்றால் ஓவியர்களின் தூரிகை. அதற்கும் மூலமான சொல்லுக்கு வால் என்றே பொருள். (அந்த மூலச்சொல் வேறு எதற்குப் பெயரானது என்பதை நீங்களே தேடிக்கொள்ளுங்கள்.) நாம் சீவிச் சீவித் தீர்த்த பென்சிலும் இதே வம்சம்தான்.

சரி, மருந்துக்கும் தூரிகைக்கும் என்ன சம்பந்தம்? கூடையின் அடியில் மறந்துபோன சாத்துக்குடியில் ஓரம் வெள்ளையாகவும் நடுவில் பச்சைப் பொடியாகவும் ஒரு பூசணம் பிடிக்குமே, அதுவும் பெனிசிலியம் வகைதான். கல்லூரி லேபில் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஒரு மெல்லிய காம்பு, நுனியில் விரல் விரலாகப் பிரிந்து, ஒவ்வொரு விரலிலும் மணி கோத்த மாதிரி வித்துகள், அச்சு அசலாக வாட்டர் கலர் பிரஷ். 1809-லேயே லிங்க் என்ற ஜெர்மன் தாவரவியலாளர் அதற்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்.

1928 செப்டம்பரில் பாக்டீரியா ஆய்வாளர் அலெக்சாண்டர் ஃப்ளெமிங் விடுமுறை முடிந்து லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனைக்குத் திரும்பியபோது, அவர் பாக்டீரியா வளர்த்த தட்டு ஒன்றில் இந்தப் பூஞ்சை முளைத்திருந்தது, அதைச் சுற்றி பாக்டீரியா கரைந்திருந்தது. கொஞ்ச காலம் அதை வெறும் ‘பூசணச் சாறு’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார், 1929 மார்ச்சில்தான் பென்சிலின் ஆனது.

இதெல்லாம் எனக்கு ஒருமுறை உதவியது. அம்மாவுக்குப் பென்சிலின் ஊசி ஒத்துக்கொள்ளாது, உடம்பெல்லாம் தடித்துவிடும். தொண்டை வலிக்கு டாக்டர் எழுதிய மாத்திரையை மெடிக்கலில் வாங்கினேன், அட்டையில் ஏதோ பிராண்ட் பெயர் பெரிதாக இருந்தது, கீழே பொடி எழுத்தில் அமாக்ஸிசிலின். அந்த ‘சிலின்’ கண்ணில் பட்டதும் திரும்பிப் போய் விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் சீட்டை வாங்கி அதை அடித்துவிட்டு வேறு மாத்திரை எழுதினார், “இதை முதலிலேயே சொல்ல மாட்டீங்களா?” என்று அம்மாவுக்கு ஒரு திட்டும் விழுந்தது.