அழைத்தது யார் என்று கேளுங்கள்: வெளிநாட்டு ஊழியப் பயணம் பற்றிய வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் சபையிலிருந்து பத்துப் பேர் இரண்டு வாரம் வெளிநாட்டுக்கு ஊழியப் பயணம் போகிறார்கள். பகலில் அனாதை இல்லத்துப் பிள்ளைகளோடு இருப்பது, பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடிப்பது, மாலையில் கூட்டம் என்று திட்டம். எனக்குப் போக ஆசை. அப்பாவோ, "அந்தச் செலவுப் பணத்தை அப்படியே அனுப்பினால் அவர்களே பத்து வேலை செய்துகொள்வார்களே" என்கிறார். போகலாமா அக்கா?

பதில்: அப்பா கேட்டது நல்ல கேள்வி, அதை விசுவாசக் குறைவு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1998இல் மிட்ச் புயல் ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டபிறகு, வட அமெரிக்காவிலிருந்து குழு குழுவாகப் போய் அங்கே வீடு கட்டிக்கொடுத்தார்கள். பிற்பாடு கர்ட் வெர் பீக் என்பவர் அதைக் கணக்குப் பார்த்தார். அவர் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியின் சமூகவியல் பேராசிரியர், வெளியே நின்று குறை சொன்னவர் இல்லை. குழுவினரின் பயணச் செலவையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்குச் சுமார் 30,000 டாலர் ஆகியிருந்தது, அதே மாதிரி வீட்டை உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு சுமார் 2,000 டாலரில் கட்டிவிடும். எனக்கும் இதில் ஒரு வலி உண்டு. என் முதல் பயணத்தில் நாங்கள் ஒரு சுவருக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தபோது, ஒருவர் தினமும் வந்து மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவார். அவர் அந்த ஊர் பெயிண்டர், அந்த மாதம் அவருக்கு வேலையே இல்லை. இது கடைசி நாளில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அதனால் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. முதலில் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இந்த வேலையை உங்களிடம் கேட்டது யார்? அங்குள்ள சபை "எங்களுக்கு இது வேண்டும், இத்தனை பேர் போதும், இந்த மாதம் வாருங்கள்" என்று கேட்டிருந்தால் அது அழைப்பு. நம் சபையே தேதியைக் குறித்து, டிக்கெட் போட்டு, அப்புறம் "அங்கே என்ன செய்யலாம்" என்று யோசித்தால் அது நம்முடைய பயணம். உபசரிக்கிற வேலை மட்டும் அவர்களுடையது. மறுக்கவும் மாட்டார்கள், வருகிறவர்களை எப்படி வேண்டாம் என்பது?

அனாதை இல்லம் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கிறார். வறுமையால் சேர்த்துவிட்டவர்கள் உண்டு, "படிக்க வைக்கிறோம்" என்று யாரோ சொன்னதை நம்பி அனுப்பியவர்களும் உண்டு. வெளிநாட்டுக் குழுக்களும் காணிக்கையும் வந்துகொண்டே இருந்தால், இல்லத்தை நிரப்பப் பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிற ஆட்களும் வந்துவிடுகிறார்கள். 2018இல் ஆஸ்திரேலியா நவீன அடிமைத்தனத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தபோது இதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தது. ஹெய்ட்டியில் 2010 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு, பத்து அமெரிக்க பாப்டிஸ்டுகள் 33 பிள்ளைகளை எல்லை தாண்டி டொமினிக்கன் குடியரசுக்குக் கூட்டிப்போகப் பார்த்துக் கைதானார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் இருந்தார்கள். கைதான பத்துப் பேரும் கெட்ட நோக்கத்தோடு போனதாக நான் நினைக்கவில்லை, ஆனால் நல்ல நோக்கம் எதையும் சரிபார்த்துத் தரவில்லையே.

அங்கே மோசடி எதுவும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு வாரம் மடியில் தூக்கி வைத்துக் கொஞ்சிவிட்டு நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அடுத்த மாதம் இன்னொரு குழு வரும், அதுவும் போகும். ஒட்டிக்கொள்வதும் பிரிவதுமாகவே வளர்கிற பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். குழுத் தலைவரிடம் பேசி, பிள்ளைகளோடு இருக்கும் நேரத்தை விட்டுவிட்டு, அங்கே நிரந்தரமாக வேலை செய்கிறவர்களுக்கு உதவியாக ஏதாவது கேளுங்கள். பிள்ளைகள் தங்கள் வீட்டிலேயே வளர உதவுகிற உள்ளூர் ஊழியம் ஏதாவது இருந்தால், அப்பா சொன்ன மாதிரி அதற்குப் பணம் அனுப்புவதும் ஊழியம்தான்.

கேள்வி: விசா படிவத்தில் "சுற்றுலா" என்று போடச் சொல்கிறார்கள். "ஆண்டவருடைய வேலைக்குத்தானே, பரவாயில்லை" என்கிறார்கள். மனசு ஒப்பவில்லை.

பதில்: ஒப்பாமல் இருப்பதுதான் சரி. சுற்றுலா விசாவில் என்னென்ன செய்யலாம் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விதி இருக்கிறது, சில நாடுகளில் சம்பளம் இல்லாத வேலைக்குக்கூட வேறு விசா வேண்டும். தூதரகத்தில் எழுதிக் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மதப் பிரசாரம் தனி விஷயம். நேபாளத்தில் 2018இல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றினால் ஐந்து வருடம் வரை சிறை, வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாடு கடத்துவார்கள். அந்தச் சட்டத்தைப் பற்றி உங்களுக்கும் எனக்கும் என்ன கருத்து இருந்தாலும், நாம் விமானம் ஏறிய பிறகு போலீஸ் போய்த் தட்டுவது உள்ளூர் விசுவாசியின் கதவைத்தான். அங்குள்ள போதகர் "இங்கே இதைப் பேசாதீர்கள், துண்டுப் பிரதி கொடுக்காதீர்கள்" என்றால் அதோடு நிறுத்திவிடுங்கள்.

ஆபத்தான இடங்களுக்கும் இதையேதான் சொல்வேன். 2007 ஜூலையில் தென்கொரியச் சபை ஒன்றின் தன்னார்வலர்கள் 23 பேரை ஆப்கானிஸ்தானில் பேருந்தோடு தாலிபான்கள் கடத்தினார்கள். ஒரு போதகரும் இன்னொரு இளைஞரும் கொல்லப்பட்டார்கள், மற்றவர்கள் மீண்டு வர ஆகஸ்ட் கடைசி ஆகிவிட்டது. உங்கள் நாட்டு அரசு "போகாதீர்கள்" என்று எச்சரித்திருக்கும் இடத்துக்கு "ஜெபித்துவிட்டோம்" என்ற ஒரே பதிலோடு யாராவது கூட்டிப்போனால் போகாதீர்கள்.

கேள்வி: நான் நர்சிங் முடித்து ஒரு வருடம் ஆகிறது. மருத்துவ முகாமில் தையல் போடுவது, சின்ன அறுவைக்கு உதவுவது எல்லாம் கற்றுக்கொள்ளலாம் என்று ஆசைகாட்டுகிறார்கள். போனால் அனுபவம் கிடைக்குமா?

பதில்: கிடைக்கும், ஆனால் யார் உடம்பில்? உங்கள் ஊர் மருத்துவமனையில் உங்களைச் செய்ய விடாத ஒன்றை அங்கேயும் செய்யாதீர்கள். நானும் நர்ஸாக இருந்தவள், கை பரபரக்கும் என்று எனக்குத் தெரியும். அந்த நாட்டு மருத்துவ அதிகாரிகளின் அனுமதி முகாமுக்கு இருக்கிறதா, உங்கள் பதிவு அங்கே செல்லுமா, நாம் போனபிறகு நோயாளியை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். இரத்த அழுத்தத்துக்கு ஒரு மாத மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறோம், இரண்டாவது மாதம் அவர் என்ன செய்வார்? பக்கத்துச் சுகாதார நிலையத்துக்குச் சீட்டு எழுதி அனுப்புகிற முகாம் என்றால் தைரியமாகப் போகலாம்.

ஒழுங்காகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். 1978இல் தொடங்கிய மெர்சி ஷிப்ஸ் என்ற கிறிஸ்தவ அமைப்பு, மருத்துவமனைக் கப்பல்களை ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் மாதக்கணக்கில் நிறுத்தி அறுவை சிகிச்சை செய்கிறது, அங்குள்ள மருத்துவர்களுக்கும் நர்சுகளுக்கும் பயிற்சியும் கொடுக்கிறது. அந்த நாட்டு அரசோடு ஒப்பந்தம் போட்டுவிட்டுத்தான் போவார்கள். தன்னார்வலர்கள் பல வருடங்களாகத் தங்கள் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தாங்களே பணம் கட்டிவந்திருக்கிறார்கள். சமையல்காரர், எலக்ட்ரீஷியன், ஆசிரியர் என்று மருத்துவம் தெரியாதவர்களுக்கும் அங்கே வேலை இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று வருடம் வார்டில் நன்றாக வேலை பார்த்துவிட்டு இப்படி ஓரிடத்துக்கு விண்ணப்பியுங்கள். ஒரு வருட அனுபவத்தில் போவதைவிட அப்போது உங்களால் அவர்களுக்கு நிறைய உதவ முடியும்.

கேள்வி: தடுப்பூசி, மாத்திரை எல்லாம் எப்போது ஆரம்பிக்க வேண்டும்?

பதில்: கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே பயண மருத்துவரைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசிச் சான்றிதழ், ஊசி போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் செல்லும்; 2016 ஜூலையிலிருந்து அது வாழ்நாள் முழுவதும் செல்லும். மலேரியா மாத்திரையை ஊர் திரும்பியதும் நிறுத்திவிடாதீர்கள், டாக்சிசைக்ளின் என்றால் வந்தபிறகும் நான்கு வாரம் போட வேண்டும். சில மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் எந்த நாட்டுக்குப் போய் வந்தீர்கள் என்று மருத்துவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: திரும்பி வந்ததும் சபையில் படம் போட்டுச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள். என்ன மாதிரிப் படங்கள் எடுக்கலாம்?

பதில்: உங்கள் வீட்டுப் பிள்ளையை அழுக்குச் சட்டையோடு யாரோ படம் எடுத்து, பார்த்தே இராத ஒரு கூட்டத்துக்குத் திரையில் காட்டினால் எப்படி இருக்கும்? அதை நினைத்துக்கொண்டு எடுங்கள். பெற்றோரைக் கேட்காமல் பிள்ளைகளை எடுக்காதீர்கள், நோயாளிகளை எடுக்கவே வேண்டாம். விசுவாசிகளுக்கு நெருக்கடி இருக்கிற நாடு என்றால் முகமும் ஊர்ப் பெயரும் வெளியே வரக்கூடாது. சாட்சியில் நீங்கள் கொடுத்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அங்குள்ள சபை நீங்கள் போவதற்கு முன்னாலிருந்தே என்ன செய்துவருகிறது, அடுத்த வருடத்துக்கு அவர்களுக்கு என்ன தேவை என்பதைச் சொல்லுங்கள். என்ன தேவை என்று அங்கிருந்து கிளம்புவதற்கு முன்பே அவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.