உப்புக் காற்றில் ஒரு நாட்குறிப்பு

கேள்வி: மண்டபத்துக்கு அருகே ஒரு கடற்கரைக் கிராமத்தில் வசிக்கிறேன். கணவர் நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர், இரண்டு பிள்ளைகள். சின்னச் சின்ன நிகழ்வுகளை எழுதியும் வரைந்தும் ஒட்டியும் ஒரு நோட்டில் சேர்க்க ஆசை. ஆனால் எல்லா நாளும் ஒன்றுபோலவே இருப்பதால் பத்தாம் நாளோடு நின்றுவிடுகிறது. சென்ற ஆண்டு நோட்டில் மை கசிந்து, பக்கங்களும் ஒட்டிக்கொண்டன. பாசி, சிப்பி ஒட்டலாமா?

பதில்: எல்லா நாளும் ஒன்றுபோல இருப்பதாக நீங்கள் எழுதியதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் ஊருக்கு வடகடலும் உண்டு, தென்கடலும் உண்டு. ஒரு பருவத்தில் தென்கடல் கொந்தளிக்கும்போது வடகடல் குளம்போல் கிடக்கும், ஐப்பசிக்குப் பின் அது தலைகீழாகும். ஆகவே நோட்டில் தேதிக்குக் கீழே முதல் சொல்லாக அன்றைய காற்றின் பெயரை எழுதுங்கள். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று உங்கள் வீட்டில் அன்றாடம் புழங்கும் சொற்கள்தான் அவை. தெரியாத நாளில் கணவரைக் கேட்டால், அவர் சொல்லும் விளக்கமே அன்றைய பதிவாகிவிடும். மூன்று மாதம் கழித்துப் புரட்டும்போது, காற்று மாறிய நாளில் கூடைக்கு வரும் மீனும் துணி உலரும் நேரமும் பிள்ளைகள் விளையாடும் இடமும் மாறியிருப்பதை உங்கள் எழுத்திலேயே காண்பீர்கள்.

அடுத்தது அளவு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு நிகழ்வு, ஐந்து வரிக்குள் போதும். நாட்குறிப்பைப் பெரும்பாலோர் கைவிடுவதற்குக் காரணம் எழுத விஷயமில்லாமை அன்று, காலை முதல் இரவு வரை முழு நாளையும் அடக்கிவிட முயல்வதே என்பது என் கருத்து. 'மீன் வாங்கினேன், குழம்பு வைத்தேன், மாலையில் கடற்கரைக்குப் போனோம்' என்ற வரிகளில் பொய் இல்லை. ஆனால் அந்த நாளை மற்ற நாள்களிலிருந்து பிரித்துக் காட்டும் எதுவும் இல்லை. அதே நாளை இப்படி எழுதிப் பாருங்கள்: 'கச்சான். கூடையில் பதினொரு முரல். சின்னவள் ஒன்றின் மூக்கைத் தன் சுண்டுவிரலோடு வைத்து அளந்துவிட்டு, இதற்குத் தும்மல் வந்தால் என்ன செய்யும் என்று கேட்டாள்.' ஓர் எண், ஒரு பெயர், ஒருவர் வாயிலிருந்து வந்த சொல் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருந்தால் அந்தக் கணம் பக்கத்தில் நின்றுவிடும். மகிழ்ச்சியாக இருந்தது, வருத்தமாக இருந்தது என்று எழுத வேண்டிய தேவையே பல நாள்களில் இராது.

புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, அரசியல் செய்திகளோடு கப்பல் வந்ததையும் போனதையும்கூட விடாமல் குறித்துவைத்தார். உங்கள் கரையில் வத்தை என்னும் நாட்டுப்படகு வந்து சேர்ந்த நேரமும் அதே அளவுக்கு எழுதத் தக்கது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை நிலவும் 61 நாள்களில், கரையில் மீன் விலை எப்படி ஏறுகிறது என்பதை மட்டுமே தொடர்ந்து குறித்தாலும் அது ஓர் அருமையான பகுதியாக அமையும்.

விடுபட்ட நாள்களை நினைவிலிருந்து நிரப்ப வேண்டாம். வெற்றுப் பக்கம் விடாமல் அடுத்த தேதியிட்டுத் தொடருங்கள்.

இனி பொருள்கள். பின் அடித்த நோட்டில் கம்பி துருப்பிடித்துத் தாளையும் அரிக்கும் என்பதால் நூலால் தைத்துக் கட்டிய நோட்டை வாங்குங்கள். பல ஜெல் பேனாக்களின் மை ஈரம் பட்டால் பரவும். சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் எண்ணெய் மையும் பென்சிலும் உங்கள் காற்றைத் தாங்கும். ஒட்டுவதற்கு மைதாப் பசை வேண்டாம். மாவுப் பொருளைத் தேடி இராமபாணப் பூச்சி வந்துவிடும். தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை மெல்லியதாகத் தடவினால் போதும். இயந்திரத்தில் அச்சாகும் பேருந்துச் சீட்டின் எழுத்து நாளடைவில் மங்கிவிடும். அதை ஒட்டுவதானால் ஊர்ப்பெயரையும் கட்டணத்தையும் பக்கத்திலேயே பேனாவால் எழுதிவிடுங்கள். ஈரமான நோட்டை வெயிலில் வைக்காமல் நிழலில் விரித்து உலர்த்தி, அதன் பிறகே மூடியுள்ள டப்பாவில் வசம்புத் துண்டோடு வையுங்கள்.

பாசியைத் தாராளமாக ஒட்டலாம். ஆனால் உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால், கரையொதுங்கிய மெல்லிய பாசியை நல்ல தண்ணீரில் விரைவாக அலசுங்கள். நெடுநேரம் ஊறினால் நிறம் போய்விடும். அகலமான தட்டில் நீர் விட்டு, பாசியை மிதக்கவிட்டு, அடியில் தடித்த வரைதாளை நுழைத்து, கிளைகளைத் தூரிகையால் விரித்தபடி மெதுவாகத் தூக்குங்கள். மேலே பழைய வேட்டித் துணியைப் போர்த்தி, கீழும் மேலும் செய்தித்தாள் அடுக்கி, கனம் ஏற்றி, தினமும் செய்தித்தாளை மாற்றி வந்தால், சில நாளில் பாசி பெரும்பாலும் தன் பசையாலேயே தாளில் ஒட்டியிருக்கும்.

சிப்பியைப் பொறுத்தவரை கவனம் வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைத் துண்டு, கடல்குதிரை, கடல் அட்டை, சில வகைச் சங்குகள் ஆகியவை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. கரையில் கிடந்தாலும் அவற்றை எடுத்துவர வேண்டாம் என்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவையுங்கள். அப்படி ஒன்றைக் கண்டால், கிடந்த இடத்திலேயே அதைப் பென்சிலால் வரைந்து, எத்தனை விரற்கடை நீளம், எந்தக் கரை, யார் முதலில் பார்த்தது என்பதை ஓரத்தில் எழுதிவிட்டு விட்டுவாருங்கள்.